விரல்களைப் பிரித்த வரி

எங்கள் நார்வே நாட்டில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தவருக்கு ஓர் உரிமை உண்டு. தான் சொன்னதாக எழுதியிருப்பதை அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அமைச்சர் படிப்பார், மேயர் படிப்பார், பெரிய மீனைப் பிடித்துப் படத்துக்கு நின்ற ஆசாமிகூடப் படிப்பார். படித்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? "நான் எங்கங்க 'கோபம்'னு சொன்னேன்? 'லேசான வருத்தம்'னு போடுங்க" என்பார்கள். கடைசியில் பேட்டி உப்புச்சப்பில்லாமல் வெளிவரும். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நாங்கள் இதை மரியாதை என்கிறோம்.

சிக்ருன் வேத்விக் இந்த மரியாதையில் ஒரு படி மேலே போனவள். பெர்கன் நகர நாளிதழ் ஒன்றின் வெளிநாட்டுச் செய்தியாளர். எந்த அகதி முகாமுக்குப் போனாலும், அங்கே பேசியவர்களுக்குக் கட்டுரையைக் கைப்பேசியில் அனுப்பி ஒப்புதல் வாங்காமல் அச்சுக்குக் கொடுக்கமாட்டாள். கட்டுரையின் அடியில் ஒரு கட்டம் போட்டு, 'இதில் பேசும் அனைவரும் தங்கள் சொற்களைப் பார்த்து ஒப்புதல் அளித்துள்ளனர்' என்று எழுதுவாள். அந்தக் கட்டத்துக்காகவே அவளை நம்பியவர்கள் ஊரில் நிறைய.

இதழியல் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போனால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும். "வாசகர் மனசுக்குள்ள போக மூணு கதவு இருக்கு. ஒண்ணு, நம்ம மேல அவருக்கு இருக்கற நம்பிக்கை. ரெண்டாவது, அவர் தொண்டையை அடைக்க வைக்கற ஒரு காட்சி. மூணாவது ஆதாரம். முதல் கதவு பூட்டிக்கிச்சுன்னா மத்த ரெண்டையும் தட்டிப் பிரயோஜனம் இல்ல." பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் பிறகு அவளை அதிகம் வதைத்தது.

மார்ச் மாதம், வழக்கம்போல மழை. மதியம் தன் மேசையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து எண்ணெய்த்தாளில் மடித்துக் கொண்டுவந்த ரொட்டியை அவள் மென்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவள் ஹேகெ என்ற வக்கீல். அகதிகளுக்காக வாதாடுகிறவள்.

"அப்ரெஹெத்துன்னு ஒரு பொண்ணு. கிழக்கு சூடான் முகாம்ல நீங்க பேட்டி எடுத்திருக்கீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா? அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த விருது அவள் தலைக்கு மேலே அலமாரியில் நின்றது.

"அவ இப்ப நார்வேலதான் இருக்கா. மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. காரணம் உங்க கட்டுரை."

துறைமுகத்துப் பக்கம் ஒரு காபிக்கடையில் சந்தித்தார்கள். ஹேகெ ஈரக் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, பட்டை மணக்கும் பன் ஒன்றை வாங்கிப் பாதியைச் சிக்ருன் பக்கம் தள்ளினாள். சிக்ருன் அதைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். அப்ரெஹெத்தின் தம்பியை ஆயுதம் வைத்திருந்த ஆட்கள் வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள். அவன் திரும்பவில்லை. அடுத்து அவளையும் தேடினார்கள். அதனால்தான் ஓடிவந்தாள். நார்வேக்கு வந்து புகலிடம் கேட்டபோது, பத்திரிகைத் தாளைக் கண்ணாடி உறையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறாள். இவ்வளவு பெரிய பத்திரிகையே என்னைப் பற்றி எழுதியிருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அதிகாரிகள் படித்தார்கள்.

ஹேகெ கட்டுரையை எடுத்து வாசித்தாள். "'அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கடைசி விரல் வரை அவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.' இது உங்க கட்டுரைல அவ சொன்னது. ஆனா அதிகாரிகிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா? 'நான் அப்ப வீட்ல இல்ல'ன்னு. ரெண்டும் எப்படிங்க ஒண்ணா உண்மையா இருக்க முடியும்? கதை கட்டறான்னு முடிவு பண்ணிட்டாங்க."

சிக்ருன் சன்னல் வழியே படகுகளைப் பார்த்தாள்.

"சரி, அதிகாரிகிட்ட பேசினப்ப பயத்துல உளறியிருக்கலாம், மொழிபெயர்ப்பாளர் சொதப்பியிருக்கலாம்னு யோசிச்சேன். முதல்ல பேசினது உங்ககிட்டதான். அவ உண்மையில என்ன சொன்னா? பதிவு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"பாக்கணும்" என்றாள் சிக்ருன். "பழசு."

"பாருங்க. இன்னொண்ணு. கீழ அந்தக் கட்டம் இருக்கே, எல்லாரும் பாத்து ஒப்புதல் குடுத்தாங்கன்னு. அதையும் பிடிச்சுக்கிட்டாங்க. 'தானே பாத்து சரின்னு சொன்னதை இப்ப மாத்தறா'ங்கறாங்க. மேல்முறையீட்டுக் குழு அடுத்த மாசம் கூடுது. அங்கயும் தோத்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

பதிவு இருந்தது. அலுவலகக் கணினியில், ஊர்ப்பெயரும் வருஷமும் போட்ட கோப்புறைக்குள் கிடந்தது. அவள் எந்தப் பதிவையும் தொலைக்காதவள். காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். எங்கோ ஆடு கத்துகிறது. மொழிபெயர்ப்பாளரின் அவசரக் குரல். பிறகு தன் குரல்: "நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்ல. நான் மாவு அரைக்கப் போயிருந்தேன். வந்தப்ப அடுப்புல சட்டி கொதிச்சிட்டிருந்துது. அவன் இல்ல. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆட்டுக் குரல்தான்.

கட்டுரைக்கு முடிவு கிடைக்காமல் விடுதி அறையில் தவித்த அந்த மாலை சிக்ருனுக்கு நினைவு வந்தது. பேட்டியின்போது அப்ரெஹெத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்து மூடிக்கொண்டாள். அந்த ஒரு சைகையை வைத்துக்கொண்டு சிக்ருன் மிச்சத்தைத் தானாகவே எழுதிவிட்டாள். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவேயில்லை. அவள் நெஞ்சில் இருப்பதைத்தானே எழுதுகிறோம் என்று தோன்றியது. இப்படி நினைத்துக்கொள்ள ஒரு படிப்பு வேண்டும். படிக்காதவர்கள் இதைப் புளுகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கொதித்துக்கொண்டிருந்த சட்டியை எழுதியிருந்தாலே யாரும் அழுதிருப்பார்கள், சிக்ருனுக்கு அது போதவில்லை.

ஒப்புதல் வாங்கியதும் உண்மைதான். முறைப்படி நார்வீஜிய மொழியில் இருந்த முழுக் கட்டுரையையும் அனுப்பினாள். அப்ரெஹெத்துக்கு அப்போது தன் தாய்மொழியான திக்ரின்யா ஒன்றுதான் படிக்கத் தெரியும். அவள் ஒரு சிவப்பு இதயப் படத்தைப் பதிலாக அனுப்பினாள். அதுதான் ஒப்புதல். எங்கள் ஆட்களால் மட்டும்தான் இப்படி ஒரு மரியாதை செய்ய முடியும். மேயருக்குப் புரிகிற மொழியில் அனுப்புவோம், அகதிக்கும் மேயருக்குப் புரிகிற மொழியிலேயே அனுப்புவோம், அதைச் சமத்துவம் என்போம்.

பத்திரிகை ஆசிரியர் யூஸ்டைன் அவளுக்குப் பல வருஷ நண்பன். சாப்பாட்டு அறையில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னாள்.

"அந்த வக்கீல் பதிவு கேக்கறா."

"என்னம்மா, இது தெரியாதா உனக்கு? வெளிவராத எதையும் வெளியாளுக்குக் குடுக்கறதில்ல. தகவல் சொன்னவங்கள நாம காப்பாத்தணும். அது நம்ம கொள்கை."

"தகவல் சொன்னவளே கேக்கறா, யூஸ்டைன். அவளக் காப்பாத்தத்தான் கேக்கறாங்க."

"ஓ." ஒரு துண்டைச் சீவி ரொட்டியில் வைத்தான். "சரி, அதுல என்ன இருக்கு? கட்டுரைல இருக்கறதுதானே இருக்கு?"

அவள் மேசையில் விழுந்திருந்த ரொட்டித் துகளை விரலால் ஒதுக்கினாள். அவன் சீவுவதை நிறுத்தினான். முகம் மெல்ல வெளிறியது.

"அடிப்பாவி" என்றான் மிகத் தாழ்ந்த குரலில். பிறகு சன்னலைப் பார்த்து, சாதாரணக் குரலில், "நான் எதையும் கேக்கல. நீயும் எதையும் சொல்லல. வசந்தத்துல அந்த விருதுக் குழுவுக்கே உன்னத் தலைவரா போட்டிருக்காங்க, தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப பாத்துக்க. பழைய பதிவயெல்லாம் கோழி மாதிரி அடைகாத்துக்கிட்டு இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. இடத்த அடைச்சுக்கிட்டு." கோப்பையை எடுத்துக்கொண்டு போனான். எங்கள் ஆட்கள் சண்டை போடமாட்டார்கள், காபி எடுக்கப் போய்விடுவார்கள்.

அவள் மேசைக்குத் திரும்பி, அந்தப் பதிவை அழித்தாள். குப்பையிலிருந்தும் அழித்தாள். "நிச்சயமாகவா?" என்று கணினி கேட்டது. ஆமாம் என்றாள். கைகழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். தான் செய்தது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் ஹேகெவுக்கு, 'பதிவு கிடைக்கவில்லை, மன்னிக்கவும்' என்று ஒரு வரி தட்டி அனுப்பினாள்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, பேருந்து பிடித்து அப்ரெஹெத்தைப் பார்க்கப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் கௌரவமான பதில் கிடையாது. ஒருவேளை அப்ரெஹெத்தே கதையை இப்படியும் அப்படியும் மாற்றிப் பேசுகிறவளாக இருந்தால் தன் பாரம் கொஞ்சம் இறங்குமே என்று ஒரு நப்பாசை.

பனிச்சறுக்குக்காரர்கள் ஒரு காலத்தில் தங்கிய மலை விடுதிதான் இப்போது புகலிடம் கேட்டவர்கள் இருக்கும் இடம். அப்ரெஹெத் வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முகாமில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். நார்வீஜிய மொழி நன்றாகவே பேசினாள்.

"அக்கா! வருவீங்கன்னு தெரியும். வாங்க, காபி போடறேன்."

அறையில் சின்ன மின்அடுப்பில் பச்சைக் காபிக்கொட்டையை வறுத்தாள். புகை எழும்பியது. கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணிக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தாள்.

"அதுக்குத் தொப்பி போடலன்னா தீயணைப்பு வண்டி வந்துரும். போன மாசம் வந்துது. நாலு பேரு, இவ்ளோ பெரிய பூட்ஸ். பாவம், அவங்களுக்கும் காபி குடுத்து அனுப்பினேன்." சிரித்தாள். சிக்ருனுக்கும் சிரிப்பு வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

முதல் சுற்றுக் காபி முடிந்ததும் அப்ரெஹெத் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"என்கிட்டயா?"

"அதிகாரிகிட்ட நான் தப்பா சொல்லிட்டேன். உங்க கட்டுரைய அங்கதான் ஒருத்தர் எனக்குப் படிச்சுக் காமிச்சாரு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க படிச்சவங்க, எழுதி வெச்சுக்கிட்டீங்க. நீங்க எழுதியிருந்தா நான் சொல்லியிருப்பேன். நான்தான் மறந்துட்டேன். அன்னைலேந்து தலை சரியில்ல எனக்கு. என்னால உங்க பேருக்கும் கெட்ட பேரு."

சிக்ருனும் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா இந்தத் தடவ தப்பு நடக்காது. குழு முன்னாடி நான் வீட்லதான் இருந்தேன்னு சொல்லிடறேன். மனப்பாடம் பண்ணிட்டேன், கேளுங்க." முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பதுபோல, சிக்ருனின் வரிகளை ஒரு சொல் பிசகாமல் நார்வீஜிய மொழியில் சொன்னாள். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக. விருது வழங்கிய மேடையில் ஒரு நடிகை உருக்கமாக வாசித்த அதே வரிகள்.

"சரியா சொல்றேனா?"

"அப்ரெஹெத்..."

"இப்ப கனவுலயும் வருதுக்கா. அந்த விரல். முன்னாடி வராது. முன்னாடி கனவுல வெறும் வீடுதான் வரும். இப்ப அவன் என் பேரச் சொல்றது கேக்குது. நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருந்தா விட்டிருப்பாங்களோன்னு முழிச்சுக்கறேன்."

சிக்ருன் அழத் தொடங்கிவிட்டாள். அழுகிற உரிமைகூட எனக்கில்லை என்று நினைத்து முகத்தைத் துடைத்தாள். மறுபடி வந்தது.

"நீ அங்க இல்ல" என்றாள். "நீ மாவு அரைக்கப் போயிருந்த. அதுதான் நீ என்கிட்ட சொன்னது. விரல் நான் எழுதினது. நீ சொல்லவே இல்ல. நீ எதையும் மறக்கல."

அப்ரெஹெத்துக்குப் புரியவில்லை. சிக்ருன் இன்னொரு முறை, சின்னச் சின்னச் சொற்களில் சொன்னாள். கொட்டை கருகும் வாசனை வந்தது. அப்ரெஹெத் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே முதுகைக் காட்டி நின்றாள்.

"எதுக்கு?"

"படிக்கறவங்க உனக்காக அழணும்னு."

"அவன் போனான். அது போதலயா அவங்களுக்கு?"

சிக்ருன் சொல்ல வேண்டியது முடியவில்லை. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சொன்னாள். "பதிவு இருந்துது. நீ சொன்ன உண்மை முழுசும் அதுல இருந்துது. நான் அழிச்சிட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தேன்னா இருந்திருக்கும்."

எங்கள் ஊர் மரியாதைப்படி ஒரு கோப்பையோடு கிளம்பிவிடலாம். அவர்கள் வழக்கத்தில் மூன்று சுற்று. அப்ரெஹெத் மற்ற இரண்டையும் ஊற்றவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "வழுக்கும். பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை சிக்ருன் ஹேகெவின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். ஹேகெ கடைசிவரை கேட்டாள். "உங்கள இங்கேந்து தள்ளி விடணும்போல இருக்கு" என்றாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காருங்க. சாட்சி சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

சொல்கிறேன் என்றாள். யூஸ்டைனுக்கும் சொல்லிவிட்டாள். விருதைத் திருப்பி அனுப்பினாள். பத்திரிகை ஒரு திருத்தம் வெளியிட்டது. விரல்கள் அன்று முதல் பக்கத்தில் வந்திருந்தன. திருத்தம் உள்ளே, வானிலைக்குக் கீழே, 'ஒரு விவரம் துல்லியமாக அமையவில்லை' என்று வந்தது. அதை யூஸ்டைன்தான் எழுதினான். அவனிடம் அப்படியொரு திறமை உண்டு.

குழு கூடிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதமாகவே பேசினாள். முதலில் அப்ரெஹெத்தைக் கேட்டாள். அப்ரெஹெத், "நான் வீட்ல இல்ல. மாவு அரைக்கப் போயிருந்தேன்" என்றாள். வேறெதுவும் சேர்க்கவில்லை. பிறகு சிக்ருனின் முறை. அவள் எழுதியதையும் எழுதிய விதத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

"கட்டுரைக்குக் கீழ ஒப்புதல்னு ஒரு கட்டம் இருக்கே" என்றாள் தலைவி.

"அவங்களால படிக்க முடியாத மொழியில அனுப்பினேன்."

"அவங்க உண்மையில என்ன சொன்னாங்கன்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

"பதிவு இருந்துது."

"எங்க?"

"அழிச்சிட்டேன்."

"எப்போ?"

"வக்கீல் கேட்ட அப்புறம்."

தலைவி பேனாவைக் கீழே வைத்தாள். கோபமில்லை, களைப்புதான் தெரிந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்க, சிக்ருன். நான் உங்க கட்டுரையப் படிச்சு அழுதவ. அப்ப வாசகர்களுக்காக இல்லாத ஒண்ண எழுதினேன்னு சொல்றீங்க. இன்னைக்கு இந்தப் பொண்ணுக்காக இல்லாத ஒண்ணச் சொல்லலன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? அன்னைக்கும் உங்க கண்ணு இப்படித்தான் கலங்கியிருக்கும்."

சிக்ருன் வாயைத் திறந்தாள். சத்தியமாக என்று சொல்ல வந்தாள். அந்தச் சொல்லைத் தன் வாயில் வைத்துப் பார்த்தபோது அவளுக்கே அது நடிப்பாகப் பட்டது. "எனக்குத் தெரியல" என்று உட்கார்ந்தாள்.

தலைவி அப்ரெஹெத் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம ஏன் அந்தத் தாளை இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தீங்க?"

"அது பத்திரிகைம்மா" என்றாள் அப்ரெஹெத். "என் பேச்ச யாரு நம்புவா? பத்திரிகைல வந்தா நம்புவாங்கன்னு நினைச்சேன்."

முடிவு மே மாதத்தில் வந்தது. மனு தள்ளுபடி. சாட்சியின் சொல்லுக்கு எடை தர அடிப்படை இல்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தார்கள். ஹேகெ தொலைபேசியில் படித்துக் காட்டினாள். நீதிமன்றம் போகப் போவதாகவும், நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள் சிக்ருன். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று மனசு கெஞ்சியது. "என்னப் பத்தி ஏதாவது?"

ஹேகெ தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"'அக்கா இந்தத் தடவ உண்மையத்தான் சொன்னாங்க, அவங்ககிட்ட சொல்லிடுங்க'ன்னா. ஊர்ல உங்கள நம்பற ஒரே ஆளு இப்ப அவதான், சிக்ருன். ஆனா அவ சொன்னா எடுபடாதே."